முனை முழுவதும் பசை பூசியபோது

என் அருமைத் தம்பி ஜெரோம்,

நீ போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன. சாதாரணக் காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். டெங்கு என்று தெரிந்தபோது பிந்திவிட்டது. உன் நினைவாக நண்பர்கள் ஒரு மலர் போடுகிறார்கள், அதற்கு நான் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமாம். புகழ்ந்து எழுதுவது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அதனால் கடிதம் எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ஆய்வுகூடச் செய்தி. காந்தத்துக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பியைத் திருத்திவிட்டார்கள், இப்போது கத்துவதில்லை. தெல்தோட்டையிலிருந்து நான் வரும் பஸ் இன்னும் அப்படியேதான், மழை பெய்தால் அரைமணி நேரம் பிந்துகிறது. உன் கதிரையில் யாரும் உட்காருவதில்லை. நான்தான் அதில் பழைய கொப்பிகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நம்முடைய அளவீடு பிழை, ஜெரோம்.

உனக்கு விளக்கத் தேவையில்லை, படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்மத்தும் அன்டிமனியும் கலந்த, அரிசியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பளிங்கு. இந்த வகைக்கு இடவியல் அரை உலோகம் என்று பெயர். அதைத் திரவ நைதரசனில் குளிரவைத்து, மின்னோட்டம் போகும் அதே திசையில் காந்தப்புலத்தையும் கொடுத்தால், மின்தடை கூடாமல் குறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. உள்ளே இலத்திரன்கள் இடக்கை, வலக்கை என இரண்டு கூட்டமாக இருக்கின்றன, புலம் ஒரு கூட்டத்திலிருந்து மற்றதற்கு ஆள் மாற்றுகிறது, ஓட்டம் இலேசாகிறது. அந்தக் குறைவைக் காண்பதற்குத்தான் நாம் இரண்டு பேரும் இரண்டு வருடம் மாரடித்தோம்.

அது தெரிந்த அன்றைக்கு நீ போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"அக்கா, இறங்குது! ஓடி வந்து பாருங்க, இறங்குது!"

"கம்பி கழண்டிருக்கும்டா" என்றேன்.

"ஒன்பது தரம் எடுத்துட்டேன். ஒன்பதும் இறங்குது."

ஒன்பது தரமும் இறங்கியது உண்மை. அன்றைக்கு நீ சாப்பிடக்கூட இல்லை, பிலிமத்தலாவை வீட்டுக்குக் கோல் எடுத்து உன் மனைவி ஸ்டெல்லாவிடம் அரைமணி நேரம் பேசினாய். அந்த அளவீட்டின் வரைபை அவள் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினாள். இப்போது அதற்குப் பக்கத்தில் உன் படம் இருக்கிறது.

கட்டுரையை அனுப்பும் முன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று இரண்டு மாதம் முன்பு பளிங்கை வெளியே எடுத்தேன். ஓட்டம் கொடுக்கும் கம்பிகள் இரண்டும் முனைகளிலிருந்து உதிர்ந்திருந்தன. அதற்குள் புதிய வெள்ளிப் பசை வந்திருந்தது. குப்பி நிறையப் பசை இருந்ததால் இரண்டு முனைகளிலும் முழுவதுமாகத் தாராளமாகப் பூசிக் கம்பியை ஒட்டினேன். காந்தத்தைப் போட்டேன். தடை ஏறியது.

நான்தான் எங்கோ குளறுபடி செய்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு வாரம் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். பசையைத் துடைத்துவிட்டு, நீ வைத்தது போலவே நடுவில் சின்னப் பொட்டாக வைத்தால் இறங்குகிறது. முனை முழுவதும் பூசினால் ஏறுகிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. சின்னப் பொட்டு வழியாக நுழையும் ஓட்டம், புலம் கூடக் கூடப் பரவாமல் நடுவிலேயே ஒல்லியாக ஓடுகிறது. மின்னழுத்தம் அளக்க ஓரத்தில் ஒட்டிய நம் மற்றக் கம்பிகளுக்கு அது எட்டுவதே இல்லை. தடை குறையவில்லை, ஓட்டம் எட்டாத அந்தக் கம்பிகள்தான் குறைந்தது போலக் காட்டியிருக்கின்றன.

அந்தப் பொட்டு ஏன் சின்னதாக இருந்தது? குப்பியின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம், அடுத்தது வர மாதக்கணக்காகும் என்று உன் தலைமேல் நின்று சொன்னவள் யார்? "கடுகளவு வை, போதும், வீணாக்காதே." நீ பல்குத்தும் குச்சியைச் சீவி, நுணுக்குக்காட்டியில் குனிந்து, கடுகிலும் பாதியாக வைத்தாய். அவ்வளவு நேர்த்தியான கை உனக்கு. அந்த நேர்த்தியும் என் கஞ்சத்தனமும் சேர்ந்துதான் அந்த வரைபு வந்தது.

ஒரு நாள் முழுக்க, பேசாமல் பழையதையே அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் பெயர் முதலில் இருக்கும் கட்டுரை அது, எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அனுப்பியிருந்தால், எங்கோ ஒருத்தர் முனை முழுவதும் பசை பூசிப் பார்த்துவிட்டு உன்னைத் திருத்தியிருப்பார். பதில் சொல்ல நீ இல்லாத இடத்தில் அது நடக்கக்கூடாது.

உன் ஆண்டுத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் ஸ்டெல்லா கேட்டாள், "அக்கா, அவரோட கட்டுரை எப்ப வரும்?" வாசலில் வைத்துச் சொல்லாமல், வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அப்போ அவரு அளந்தது பொய்யா?"

"அளந்தது அத்தனையும் உண்மைம்மா. அதுக்கு நாங்க சொன்ன காரணம்தான் பிழை. பொட்டைச் சின்னதா வைக்கச் சொன்னதும் நான்தான்."

அவள் எழுந்து சுவரில் இருந்த வரைபுக்குக் கிட்டப் போனாள். சட்டத்தைக் கழற்றப்போகிறாள் என்று பயந்தேன். நான் அன்றைக்கு அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"அவருக்குத் தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பாரு?"

"மூணு நாளு என்கூடப் பேசியிருக்கமாட்டான். நாலாவது நாளு வந்து திரும்ப அளந்திருப்பான்."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது, எனக்கும்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "அப்போ அப்படியே எழுதுங்க அக்கா. ஏறுற படத்தையும் ஒண்ணு பிரிண்ட் எடுத்துத் தாங்க. இந்தப் பக்கம் இடம் இருக்கு."

அடுத்த கிழமை கட்டுரை போகிறது. உன் வரைபும் புதிய வரைபும் பக்கத்தில் பக்கத்தில். தலைப்பு மாறிவிட்டது. கண்டுபிடித்தோம் என்பது போய், எப்படி ஏமாந்தோம், மற்றவர்கள் எப்படி ஏமாறாமல் இருக்கலாம் என்பது வந்திருக்கிறது. முதலில் உன் பெயர்தான். பொட்டின் அளவு என் யோசனை என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறேன். சஞ்சிகைக்காரர்கள் அதை வெட்டிவிடலாம், அவர்களுக்கு அது தேவையில்லாத வரி. அதனால்தான் இங்கேயும் எழுதிவிட்டேன்.

இந்தப் பளிங்கில் அந்தக் குறைவு உண்மையாகவே இல்லையா, அல்லது நம் காந்தத்தால் எட்ட முடியாத பெரிய புலத்தில் ஒளிந்திருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஏதாவது தோன்றியிருக்கும்.

கோபப்படு, ஜெரோம். உனக்கு உரிமை இருக்கிறது. மூன்று நாள் என்னோடு பேசாமல் இரு. நாலாவது நாள் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும் அக்கா,
சாந்தி