ஜூன் ஒன்றில் பிறந்தவன்

சேலையூர்,
27-1-89.

அன்பு மகள் நாகலக்ஷ்மிக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருநீர்மலைப் பெருமாளைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுத வந்து கையை நிறுத்திக்கொண்டேன், உன்னிடம் எதற்குப் பொய்.

பின்வீட்டுத் தாயாரம்மாள் மகன் தசரதன், பட்டாளத்தில் இருந்தவன், இலங்கையில் டிசம்பர் பத்தாம் தேதி குண்டு பட்டு இறந்ததைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். இந்த மாதம் 18ஆம் தேதி புதன்கிழமை காலையில் அவனுடைய பெட்டி வந்தது. அப்போது அங்கே இருந்தவர்கள் தாயாரம்மாள், அப்பா, நான், தையற்கடை அயூப் பாய், அவர் மனைவி சபீஹா, பெட்டியைக் கொண்டுவந்த ஹவில்தார், அவரோடு வந்த சிப்பாய் ஒருவன். ஏழே பேர். யார் யார் இருந்தார்கள் என்று ஏன் எழுதுகிறேன் என்றால் அன்று நடந்தது இந்த ஏழு பேருக்கும் தெரியும், ஆனால் அதன் அர்த்தம் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, சவரச் சாமான், நான் போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலில் பாதி, கூடவே ஒரு காகிதம். தாயாரம்மாளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே, சார் நீயே படிச்சி சொல்லு என்று காகிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா நிமிர்ந்து நின்று பெயர், நம்பர், ஊர் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, பிறந்த தேதி 1970 ஜூன் ஒன்று என்றார். அதுவரை தலையில் அடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். இன்னா சார் ஜூனுன்னு படிக்கிற, எம்புள்ள தை அமாவாசைக்கு மறுநாளு பொறந்தவன், யக்கா தானே எனக்குக் கஞ்சி வச்சி எடுத்தாந்துச்சி, இது வேற யாரோ பெத்த புள்ள பேப்பரு, ஆள் மாறிப் பூட்ச்சி, எம்புள்ள உசுரோட கீறான் சார் என்றாள். ஹவில்தார் ரெக்கார்டு தப்பாது அம்மா என்றார். ஊறுகாய் பாட்டிலைச் சபீஹா எடுத்துக் காட்டினாள். அதற்கு அவள், ஏன், வேற புள்ளைங்கோ ஊறுகா துன்னாதா என்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் காலால் தள்ளினாள். அப்பா காகிதத்தை மடித்து ஹவில்தாரிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்த ஜூன் ஒன்று அப்பா எழுதியது. 75ஆம் வருஷம் அவர் நம் எலிமெண்டரி ஸ்கூலில் ஹெட்மாஸ்டர். பிறந்த தேதி சொல்லத் தெரியாதவர்களுக்கும், வயது ஒன்றிரண்டு மாதம் குறைகிறவர்களுக்கும் ஜூன் ஒன்று என்று போடுவது எல்லா ஸ்கூலிலும் வழக்கம்தான், உன் வகுப்பிலேயே பாதிப் பேர் அன்றைக்குப் பிறந்தவர்கள் என்று நீ சிரிப்பாய். ஸ்கூலில் சேர்க்க ஐந்து முடிய வேண்டும், தசரதனுக்கு அப்போது நாலு வயது முடிந்து நாலே மாதம். தாயாரம்மாள் புருஷனை இழந்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஸ்கூலில் சேர்த்தால் மத்தியானம் சோறாவது கிடைக்கும் என்று என்னிடம் வந்து அழுதாள். அப்பா முடியாது என்றார். எட்டு மாதம் கூட்டிப் போடுவது பொய் என்றார். நான்தான் விடவில்லை நாகு. ஊருக்கெல்லாம் போடுகிறீர்கள், இந்த அனாதைக்குப் போட்டால் உங்கள் கை தேய்ந்துவிடுமா என்று மூன்று நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் எழுதினார். என்ன தேதி போட்டார் என்று தாயாரம்மாளுக்கு நாங்கள் சொல்லவில்லை.

பையன் பட்டாளத்து ஆள் எடுப்புக்குப் போனபோது அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். பதினாறு முடிந்திருந்தது, நிஜத் தேதி இருந்திருந்தாலும் எடுத்திருப்பார்களாம். ஆனால் பதினெட்டு முடியாதவனைச் சண்டை நடக்கிற இடத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்கிறார் அப்பா. காகிதத்தில் போன ஜூனில் பதினெட்டு முடிந்துவிட்டது, அனுப்பிவிட்டார்கள். நிஜத்தில் இன்றைக்குத்தான் முடிகிறது. கோயில் ஜோசியரிடம் பழைய பஞ்சாங்கம் வாங்கிப் பார்த்து 71 ஜனவரி 27 என்று அப்பா குறித்து வந்திருக்கிறார். அந்த எட்டு மாதத்துக்குள்தான் பிள்ளை போய்விட்டது.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். பட்டாளத்தில் ஒயர்லெஸ் பிரிவில் பதினாறு வருஷம், பர்மாவிலும் காஷ்மீரிலும், காதில் விழுந்ததை ஒரு எழுத்து மாறாமல் எழுதினவர். அப்புறம் மலேரியா வேலையில் பள்ளிக்கரணைச் சேற்றில் இறங்கி வீடு வீடாக மருந்தடித்து, அடித்த பிறகுதான் சுவரில் தேதி போடுவார். 61ல் ஜனக்கணக்கு எடுக்கப் போனபோது ஒரு கிழவர் தன் வயதைச் சொல்லத் தெரியாமல் விழித்ததற்கு அரைநாள் உட்கார்ந்து பேசிப் பேசிக் கண்டுபிடித்தாராம். அதற்குப் பிறகு வாத்தியார். இத்தனை வேலையிலும் எழுதினதில் எதெல்லாம் பொய் என்று இப்போது தனியாக உட்கார்ந்து யோசிக்கிறார். ஜூன் ஒன்று போட்ட பிள்ளைகளின் பெயர்களை முணுமுணுக்கிறார். சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நீ சொன்னாய்தானே என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கேட்கவே இல்லை.

தாயாரம்மாளோ மகன் படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றிவிட்டாள். செத்தது ஜூனில் பிறந்த பிள்ளை என்று குழாயடியில் எல்லோரிடமும் சொல்கிறாள். ஜூன்ல பொறந்துதுக்கும் அம்மான்னு ஒருத்தி இருப்பாளே, பாவம், அவளுக்கு யாரு போய்ச் சொன்னாங்களோ என்று என்னிடம் கேட்டாள், நான் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம் வரை நிற்கிறாள். வேலைக்குப் போவதில்லை. இரண்டு பேருக்கு உலை வைக்கிறாள். அமாவாசைக்கு மறுநாள் அவன் பிறந்தநாளாம், பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. சாரும் நீயும் கூட வர்ணும்க்கா, திருநீர்மலைக்குப் போயி புள்ள பேர்ல அர்ச்சனை பண்ணிட்டு வரலாம் என்கிறாள். செத்த பிள்ளைக்கு ஆயுள் வேண்டும் என்று எந்த வாயால் நான் பெருமாளைக் கேட்பேன். புதுச்சட்டைக்குத் துணி எடுத்து, அவன் ஸ்கூல் சட்டையை அளவுக்கு வைத்து, பட்டாளத்துல நல்ல சாப்பாடு, மாருல ரெண்டு இஞ்சு கூட விடு பாய் என்று அயூப் பாயிடம் கொடுத்திருக்கிறாள். பாய் இன்னும் கத்திரி வைக்கவில்லை. அக்கா, சார் ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா நம்பும், ஏன் சொல்ல மாட்டேங்கிறாரு என்று கேட்கிறார்.

நேற்று அப்பாவிடம், நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், என்னால் வந்ததுதானே என்றேன். எழுதின கை என்னுடையது, நீ போகக் கூடாது என்றார். கடைசி நாலைந்து நாளில் அவர் பேசின முழு வாக்கியம் அது ஒன்றுதான். அமாவாசை அன்று தானே போய்ச் சொல்வேன் என்று பிறகு ஸ்லேட்டில் எழுதுவதுபோல விரலால் தரையில் எழுதிக் காட்டினார். அந்தத் தேதி நான் போட்டது, உன் பிள்ளைதான் போனான் என்று அவர் வாயால் சொன்னால் அவள் இரண்டாம் தடவை பிள்ளையை இழப்பாள், இந்தத் தடவை கொன்றது யார் என்றும் தெரிந்துகொள்வாள். அவளும் பிழைக்க மாட்டாள், சொன்ன இவரும் பிழைக்க மாட்டார். சொல்லாமல் விட்டால் அவள் சாகிற வரைக்கும் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தினம் விளக்கேற்றி உட்கார்ந்து கேட்கிறேன், எந்தப் பக்கமும் மனம் நிற்கவில்லை. இத்தனை வருஷம் பூஜை செய்தும் வழி தெரியாத இப்படி ஒரு நாள் எனக்கு வந்ததில்லை.

உன் கடிதத்தில் குழந்தையை இந்த ஜூனிலேயே ஸ்கூலில் சேர்க்க நாலு மாதம் கூட்டிப் போடலாமா, அப்பாவைக் கேட்டு எழுது என்று கேட்டிருந்தாய். அதை அவரிடம் படித்துக் காட்டவில்லை. வேண்டாம் அம்மா, ஒரு வருஷம் போனால் போகட்டும், பிறந்த தேதியை உள்ளபடியே எழுது. குழந்தைக்குச் சளி இருந்தால் தலைக்கு ஊற்றாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும்.

அப்பா உன் வார்த்தை ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவார். அவர் போய்ச் சொல்வதா, நான் போவதா, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவளோடு மலைக்குப் போவதா, எது என்று நீ அவர் பெயருக்கே எழுது. அமாவாசை 6ஆம் தேதி திங்கட்கிழமை. அதற்குள் இங்கே வந்து சேருகிற மாதிரி உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கங்கையம்மாள் ராஜகோபால்.