மகள் காலில் ஒட்டாத டேப்

ஆடி வெள்ளி, 1996. இரவு.

விளக்கை மலையேற்றிவிட்டுப் படுத்தும் தூக்கம் வரவில்லை.

சுமதிக்கு இன்று பீளமேட்டில் கூடைப்பந்து அரையிறுதி. போன மாதம் பிசகிய கணுக்காலுக்கு எலாஸ்டிக் டேப் சுற்றியது நான்தான். கோச் சுற்றுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று காலையில் அவளுக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றியதை அப்போது நினைக்கவே இல்லை.

குதித்துக் குதித்து ஆடினாள். ஜெயித்தும் விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்து பாதத்தை என் மடியில் போட்டாள்.

"டேப்பைக் கழட்டுங்கம்மா. மெதுவா. போன தடவை மாதிரி தோலோட உரிச்சுப்போடாதீங்க."

சாக்ஸை உருவினேன். எண்ணெய்ப் பிசுக்கில் டேப் எப்போதோ கழன்று, பாதத்தைச் சுற்றிக் கயிறுபோலச் சுருண்டு கிடந்தது. எந்தப் பிடியும் இல்லாமல்தான் ஆடியிருக்கிறாள். வீக்கம்கூட இல்லை.

கண்ணை மூடியபடியே சொன்னாள்: "நீங்க சுத்துனதுதானுங்கம்மா இன்னைக்கு என்னைய நிக்க வெச்சுது. இல்லீன்னா பயத்துல குதிச்சிருக்கவே மாட்டேன்."

"செரி கண்ணு, போய்ச் சாப்புடு" என்று டேப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டேன்.

நாளை இறுதி ஆட்டம். உண்மையைச் சொன்னால் தைரியம் வருமா, பயந்து நின்றுவிடுவாளா, தெரியவில்லை. இன்று காத்தது நீதான் முருகா. ஆனால் நாளைக்கும் டேப் பிடிப்பில்லாத காலோடு அவளை உன்னிடம் விட எனக்கு மனம் வரவில்லை. விடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்தி ஒட்டிவிடுவேன். ஒட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.