முட்டைக்கு எண் போட்ட பென்சில்

12 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

எங்கள் ஆய்வகத்தில், ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் ஹார்மோன் போன்ற ஒரு மருந்தைக் கருவுள்ள கோழிமுட்டைகளில் வைத்துச் சோதிக்கிறோம். இன்று திறந்து பார்த்தோம். மருந்து வைத்த இடத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆராய்ச்சியை நடத்தும் மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

மை ஓட்டுக்குள் இறங்கிவிடும் என்று முட்டைகளுக்குப் பென்சிலால்தான் எண் போடுவேன். முனையை நாக்கில் தொட்டுக்கொள்வது பள்ளிக்கூடத்துப் பழக்கம். இன்றும் தொட்டேன், கசந்தது. அப்போதுதான் பார்த்தேன், பென்சில் கிடந்தது மருந்தை எடை போடும் தட்டில். அது எப்போதும் அங்கேதான் கிடக்கும்.

எனக்கு நாள் தள்ளிப்போய்ப் பத்து நாளாகிறது. கல்யாணமாகி ஆறு வருஷம். அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

யாருக்கோ கேட்பது போல மேடத்திடம் கேட்டேன். "மாசமா இருக்கறவங்க வாயில இது பட்டா இன்னா ஆவும் மேடம்?"

"யாருக்கும்மா தெரியும்? மனுஷங்களுக்கு இன்னும் குடுத்தே பாக்கலையே. அதுக்குத்தான முட்டை."

சாயங்காலம் திறந்த முட்டைகள் எல்லாவற்றையும் நான்தான் குப்பையில் கொட்டினேன். உள்ளே கரு துடிக்கிறதா என்று ஒன்றில்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொட்டினேன்.