துளைகள் நம் பக்கம் இருக்கட்டும்

திண்டிவனம்
12.3.2017

அன்புள்ள அம்பிகாவுக்கு,

தேவநாதன் எழுதுவது. விழுப்புரத்தில் அம்மா வீட்டில் நீ நன்றாகத்தான் இருப்பாய், அத்தை இருக்கும்போது உனக்கென்ன குறை. இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று உன் அண்ணன் வெற்றிச்செல்வன் சிரிப்பார். சிரிக்கட்டும். உன் போனை அத்தைதான் எடுக்கிறார்கள். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். பெண்டாட்டியிடம் பேசுவதை வீடே உட்கார்ந்து கேட்டால் எனக்குப் பேச வாயே வராது. நான் வேலை செய்வது கூரியர் ஆபீசில். விழுப்புரம் கிளையில் இருக்கும் பிரேம்குமார் இதை உன் கையிலேயே கொடுப்பான், வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வெற்றிச்செல்வன் சொன்னதை நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை, உன் அப்பாவைக் கொண்டுபோய் வல்லத்தில் உன் அண்ணன் வீட்டில் விடு, என் தங்கச்சியை மறுநாளே அனுப்பறேன் என்றார். அம்பிகா, என் அண்ணன் சீனுவாசன் வீட்டில் அப்பாவுக்கு இடமிருந்தால், அம்மா இறந்த கையோடு அவர் ஒரு பையை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு ஏன் வருகிறார்? அது உனக்கும் தெரியும். நீ அப்பாவை அனுப்பச் சொல்லவில்லை. ஒரே ரூமில் மூன்று பேர் எப்படி இருப்பது, சாத்துவதற்கு ஒரு கதவு வேண்டும் என்றுதான் சொன்னாய். நான் புடவையைத் திரையாகக் கட்டிக் கொடுத்தேன். ஃபேன் போட்டால் அது பறக்கும் என்று நீ சொன்னபோது, ஃபேனை நிறுத்திக்கோ என்று பேசியவன் நான்தான்.

அன்றைக்கு நடந்ததில் யார் மேலும் தப்பில்லை. நீ புடவை மாற்றிக்கொண்டிருந்தாய், திரை பறந்தது, அந்த நேரம் பார்த்து அப்பா கடையிலிருந்து வந்துவிட்டார். நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாய். அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருக்கிறது. இப்போது அவர் தெருமுனையிலேயே இருமத் தொடங்கி, வாசல் வரைக்கும் இருமிக்கொண்டே வருகிறார். நீ இல்லாத வீட்டுக்குள் நுழையத்தான் இவ்வளவு இருமல். வேண்டாம்ப்பா என்றால், தொண்டை சரியில்லை என்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கதவு செய்யப் போகிறேன். கதவோடு ஒரு தடுப்பும். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்று வீட்டுக்கார அம்சவள்ளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் தானாக நிற்கிற மரத்தடுப்புதான் வழி. ஆசாரி யாரும் இவ்வளவு சின்ன வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். அப்புறம்தான் வீடியோவில் ஒன்றைப் பார்த்தேன். பாக்கெட் ஹோல் ஜிக் என்று பெயர், கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான். பலகையின் ஓரத்தில் இதை இறுக்கி வைத்து, இதிலிருக்கும் குழாய்க்குள் டிரில்லை விட்டால் சாய்வாக ஒரு துளை விழும். அதன் வழியாக ஸ்க்ரூ முடுக்கினால் அடுத்த பலகையைப் போய்க் கவ்விக்கொள்ளும். உளி பிடிக்கத் தெரிய வேண்டாம். இரும்பில் செய்தது நமக்குக் கட்டாது. நான் வாங்கியது பிளாஸ்டிக், கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. பார்சல் நம் ஆபீசுக்கே வந்தது. தேவநாதன் வீட்டில் இருக்கிறாரா என்று நானே கேட்டு, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சீட்டைப் பார்த்து ஆபீசே சிரித்தது. டிரில் மெஷின் எலக்ட்ரீஷியன் வெங்கடாசலத்திடம் இரவல்.

பழக்கத்துக்கு ஒரு ஸ்டூல் செய்து பார்த்தேன். அப்பாவை உட்காரச் சொன்னேன். அது ஆடியது. அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தரைதான் சமமா இல்லை என்றார்.

அத்தைக்கு என் வணக்கம். பதில் போட மனமிருந்தால் போடு.

உன்
தேவநாதன்


திண்டிவனம்
2.4.2017

அன்புள்ள அம்பிகாவுக்கு,

உன் மெசேஜ் வந்தது. பக்கம் பக்கமாக நான் எழுதியதற்கு நீ அனுப்பியது இரண்டே வார்த்தை, கதவு இருக்கா என்று. ஆனாலும் அதைப் பார்த்த அன்று நான் டெலிவரியை விட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கதவு இருக்கிறது. உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கிறது. நீ போட்டால்தான் உண்டு, வெளியிலிருந்து திறக்க முடியாது.

மரத்துக்காகக் கூட்டேரிப்பட்டு பழைய மரக்கடைக்கு எத்தனை தடவை அலைந்தேன் தெரியுமா? மெஷின் வைத்து வருகிற பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்கள், நல்ல வெளுத்த மரம். தடுப்பை மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டு சட்டமாகச் செய்து ஒன்றின்மேல் ஒன்று நிறுத்திச் சேர்த்தேன். மேல்பாதி முடிந்ததும் கனமான பலகை தீர்ந்துவிட்டது. கடைக்காரரிடமும் இல்லை. கீழ்பாதிக்கு அங்கே கிடந்த மெல்லிய பலகையையே வாங்கிப் போட்டு முடித்துவிட்டேன். காத்திருந்தால் உனக்கு மனசு மாறிவிடுமோ என்று எனக்குப் பயம். பாய்மேல் சட்டத்தைப் படுக்க வைத்து நான் ஸ்க்ரூ முடுக்க, அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அந்த மரத்தூளில் தும்மித் தும்மி அவர் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. ஒருநாள்கூட இது எதற்கு என்று கேட்கவில்லை. பெற்ற மகன் நடுவில் பலகை வைத்து அடைக்கிறானே என்று அவருக்குத் தோன்றாமலா இருக்கும்? வெளியே போய் உட்காருங்கள் என்றால், நீ பாட்டுக்கு வேலையைப் பாரு என்கிறார்.

இந்த ஜிக் வேலையில் ஒரு குறை உண்டு. ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும், இன்னொரு பக்கம் துளைகளாகத் தெரியும். அதை யார் பக்கம் வைப்பது? துளைகள் நம் பக்கம் இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். அப்பா கண் விழித்தால் சுத்தமான பலகையைப் பார்க்கட்டும். மகன் வீட்டில் ஓட்டை உடைசலுக்குப் பின்னால் கிடக்கிறோம் என்று அவர் நினைக்கக்கூடாது. துளைகள்மேல் நீ காலண்டரோ கண்ணாடியோ எதையாவது மாட்டிக்கொள். நல்ல பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டாயா என்று நீ சண்டைக்கு வந்தாலும் சரிதான், அதற்காகவாவது நீ இங்கே வர வேண்டுமே.

மற்றபடி வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அப்பா இப்போதெல்லாம் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார், என்னைத் தொட விடுவதில்லை. சோப்பு வாங்கி வைத்தால் இரண்டு நாளில் காணாமல் போகிறது. இந்த வெயிலில் கெட்டியான முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். வயதானால் பிடிவாதமும் வந்துவிடும் போல.

சித்திரை பிறந்ததும் வா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். அப்பா இருக்கிறாரே என்று தயங்காதே. அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுவர் ஓரமாக ஒண்டிக்கொண்டார். இருப்பதே தெரியவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்
தேவநாதன்


திண்டிவனம்
11.4.2017

அன்புள்ள அம்பிகாவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன் என்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். அதற்கு நான் பதில் அனுப்பவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். போனில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய சமாசாரமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்பாவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். ஆனால் சர்க்கரை இருக்கிற உடம்பு, புண் ஆற நாளாகும், காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். முதுகில் சீழ் கட்டிவிட்டது. கத்தி வைத்து எடுத்தார்கள். இப்போது குப்புறப் படுத்திருக்கிறார்.

சனிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. சட்டையைக் கழற்றப் போனேன், வேண்டாம் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். கழற்றினால் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னப்பா இது என்றால், கொசு கடிச்சுதுடா, சொறிஞ்சுக்கினேன் என்றார்.

அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் அவர் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். தடுப்பை நிறுத்திய நாளில் மேல்பாதியை மட்டும் கையால் தடவிப் பார்த்துவிட்டு, எவ்வளவு வழவழப்பு என்று நானே என்னை மெச்சிக்கொண்டவன். கீழே குனிந்து பார்க்கவில்லை. டிரில்லில் மாட்டுகிற பிட்டில் ஒரு வளையம் இருக்கிறது, துளை எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அதுதான் நிறுத்தும். பலகையின் கனம் மாறினால் வளையத்தை நகர்த்த வேண்டும், ஸ்க்ரூவும் சின்னதாகப் போட வேண்டும். மெல்லிய பலகைக்கு நான் இரண்டையும் செய்யவில்லை. கீழ்பாதியில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் அவர் பக்கம் முனை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வழவழப்பான பக்கம் என்று நான் அவருக்குக் கொடுத்தது அதைத்தான். அந்தச் சந்தில் புரண்டு படுக்க இடமில்லை. புரண்டால் முதுகு அதில்தான் உரசும்.

அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது, அம்பிகா. ஒவ்வொரு முனையிலும் துணி சோப்பைக் கிள்ளி உருட்டி ஒட்டி வைத்திருக்கிறார். வேர்வையில் அது இளகி விழுந்துவிடும், மறுபடி ஒட்டுவார். நான் என்னடா என்றால் சோப்பு கரைகிறது என்று உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னா நீ கழட்டிப் போட்டுடுவ, அந்தப் பொண்ணு எப்படி வரும் என்றார். முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நேற்று கீழ்பாதியை முழுவதும் கழற்றினேன். வளையத்தைச் சரியாக வைத்து, சின்ன ஸ்க்ரூ வாங்கி, புதுப் பலகையில் மறுபடி செய்தேன். சட்டையில்லாமல் அவர் இடத்தில் படுத்து, தடுப்பு முழுக்க என் முதுகைத் தேய்த்துப் பார்த்தேன். எங்கேயும் குத்தவில்லை. ஆனால் அங்கே படுத்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது, அந்தப் பக்கம் ஃபேன் காற்று கொஞ்சம்கூட வருவதில்லை. இதையும் அவர் சொல்லவில்லை. தடுப்பின் மேல்பக்கம் காற்றுக்கு வழி விட்டு அறுக்க வேண்டும். அறுத்தால் நீ கேட்ட மறைவு குறையுமா என்று நின்று பார்த்தேன், குறையாது. ஆனால் இனிமேல் என் கண்ணை நான் நம்புவதாக இல்லை. நீ வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் ரம்பத்தை எடுப்பேன்.

அவரை வல்லத்துக்கு அனுப்ப மாட்டேன். இதைக் கேட்டு வெற்றிச்செல்வன் உன்னை அனுப்பாமல் இருக்கலாம், நீயே வர வேண்டாம் என்று நினைக்கலாம். அப்படியானால் என்னால் உன்னைக் குறை சொல்ல முடியாது. நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டும் உண்மைதான், இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நீ வருவதாக இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு வா. இதெல்லாம் உனக்குத் தெரியக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நீ வந்தாலும் அவர் உன் முகத்தைப் பார்க்க மாட்டார், இருமுவார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. முதுகைப் பற்றிக் கேட்காதே. தடுப்பைப் பற்றியும் எதுவும் பேச வேண்டாம். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாப்பிட்டீங்களா மாமா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
தேவநாதன்