நாற்பது மீட்டருக்குக் கீழே

23 செப்டம்பர், செவ்வாய்

காட்டுத் தீயின் புகைமூட்டம் இன்றும் விடவில்லை. காய்ந்த துணியெல்லாம் புகை வாடை. தெங்கேரா தெருவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் வியாபாரமே இல்லை, சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

வீட்டு வாசலில் இவருடைய செருப்பு! வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவர். மூழ்கிய சரக்குக் கப்பலில் பித்தளை வெட்டி எடுக்கும் வேலை, பாதியில் எப்படி விட்டார்கள்?

"சும்மா லீவுலா" என்றார். முகம் பார்த்துச் சொல்லவில்லை. சோறும் பாதிதான்.

24, புதன்

மணியம் அண்ணன் வந்தார். கடலில் இவரோடு ஜோடியாக முங்குபவர். இவர் குளிக்கப் போன நேரத்தில் சொன்னார்.

"நாப்பது மீட்டருக்குக் கீழ, தங்கச்சி. சேகரைத் திரும்பிப் பாக்குறேன், முதுகுல இருக்கிற காத்து டேங்க் வாரைக் கழட்டிக்கிட்டு இருக்கான். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழட்டுற மாதிரி, அவ்ளோ நிதானமா. கையைப் புடிச்சா, 'ஓகே'ன்னு விரலைக் காட்டுறான்."

அவ்வளவு ஆழத்தில், சுவாசிக்கிற காற்றில் உள்ள நைட்ரஜனே கள் மாதிரி மயக்குமாம்.

"பயந்தாத்தானே மேல வர நெனப்பான்? அவனுக்குப் பயமே இல்லலா."

டேங்கில் காற்றும் குறைவு. அண்ணன்தான் வாரை இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்திருக்கிறார். கொஞ்சம் உயர வந்ததும் இவருக்குப் புத்தி தெளிந்ததாம். தளர்ந்து கிடந்த வாரைத் தடவிப் பார்த்தாராம். அப்புறம்தான் அண்ணன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம்.

அண்ணனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

25, வியாழன்

பாசாரில் கெம்போங் மீன் நல்ல புதுசு. கழுவிக்கொண்டே கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேனோ.

"அண்ணன் எல்லாம் சொன்னாருங்க. அங்க கீழ... என் நெனப்பு வந்துச்சா?"

இவர் குழாயை மூடினார்.

"பொய் சொல்லட்டா?"

"வேணாம்."

"வரல, கௌரி. நீ, அம்மா, பொறக்கப்போற புள்ள, யாரும் வரல. யாருமே இல்லாம அவ்ளோ சந்தோஷமா இருந்தேன். அத நெனச்சாத்தான் இப்ப பயமா இருக்கு."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வலித்தது, அவ்வளவுதான். செதில் ஒட்டிய கையோடு இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் அழுது இதுவரை நான் பார்த்ததில்லை.

"மேல வர வர ஒவ்வொருத்தரா ஞாபகம் வந்தீங்க. மொத ஆளு நீதான்."

அது உண்மையா என்று கேட்கவில்லை.

27, சனி

மழை! கடைசியில் மழை.

இவர் முதலாளிக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்.

"முப்பது மீட்டருக்குக் கீழ எறங்க மாட்டேன், பாஸ். இல்ல, யோசிச்சுட்டேன்."

வைத்துவிட்டார்.

"என்ன சொன்னாரு?"

"இந்தக் கப்பலுக்கு வேற ஆளு பாக்குறாராம். ஆழம் இல்லாத வேலை வந்தா கூப்புடுவாராம். வந்தா."

"வரும்ங்க."

சாப்பிட்டதும் என் மடியில் தலை வைத்துப் படுத்தார். இப்போது நல்ல தூக்கம். மூச்சு சீராக. நாளைத் தோசைக்கு உளுந்து ஊறப் போடவில்லை. கால் மரத்துவிட்டது. இருக்கட்டும்.