பதினாறாவது செய்தி

நாள் 212, 09:10. வியாழனின் நிலவான யூரோப்பாவைச் சுற்றும் கலம்
எழுதுபவன் இன்னாசி. கலத்தில் நான் மட்டும். கீழே பனித்தரையில் குடில் போட்டுத் துளையிடுபவர் செல்லக்கனி அக்கா.

மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் செய்திகளை அனுப்பும் நெட்வொர்க் கார்டின் டிரைவர் மென்பொருளைத் திருத்தினேன். இதுவரை ஒவ்வொரு செய்திக்கும் கார்டின் ரெஜிஸ்டரில் 'அனுப்பு' என்று எழுதி அதை எழுப்பினோம். இனி பதினாறு செய்தி சேர்ந்தபின் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். அக்காவின் ஆண்டெனாக் கம்பத்திலும் இதையே ஏற்றிவிட்டேன். பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

அக்கா: "ஆள் சேந்தாத்தான் எடுப்பியோலே, ஷேர் ஆட்டோக்காரன் மாதிரி?"

கருவிகள் நொடிக்கு நூறு செய்தி அனுப்புகின்றன, ஆளுக்கா பஞ்சம் என்றேன்.

நாள் 219, 05:02
கதிர்வீச்சுப் புயல். விதிப்படி இரண்டு பக்கமும் கருவிகளை அணைத்துவிட்டோம். கம்பத்தின் வெப்பமானி மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவு அனுப்பும்.

05:20
ரேடாரில் விரிசல். குடிலை நோக்கிப் போகிறது. எந்தப் பக்கம் பத்திரம் என்பது மேலிருந்துதான் தெரியும். அதனால் மேலிருந்து சொல்லாமல் கீழே இருப்பவர் நகர்வதில்லை, அதுதான் எங்கள் வழக்கம். அனுப்பினேன்: "அக்கா, மேற்கு முகாமுக்குப் போங்க. இப்பமே."

பதில் இல்லை.

05:31
நான்கு தடவை அனுப்பிவிட்டேன். ஆண்டெனாவைத் திருப்பியும் பார்த்தாயிற்று. அக்கா, ஒரு வார்த்தை பேசுங்கள்.

05:36
கலம் மறுபக்கம் போகிறது. தொடர்பு இல்லை.

06:05
ஆண்டெனாவில் கோளாறு இல்லை. என் நான்கு செய்தியும் இங்கேயே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன, இன்னும் பன்னிரண்டு சேரட்டும் என்று. நேரமானால் இருப்பதோடு கிளம்பு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். பாவி, இப்போது யாருக்கு?

06:50
கலம் மறுபடி குடிலுக்கு மேலே வந்தது. நான்கும் போய்ச் சேர்ந்தன. குடில் இருந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர். கம்பம் மட்டும் நிற்கிறது. மேற்கு முகாமில் எல்லாம் அணைந்திருக்கிறது, ஆள் இருக்கிறதா தெரியவில்லை. தானாக ஓடியிருப்பார். அக்கா பிடிவாதக்காரர்தான், முட்டாள் இல்லை.

கம்பத்தில் இன்னும் இருப்பது பதினாறு சேர்ந்தால்தான் அனுப்பும் என் டிரைவர். அக்கா பேசியதெல்லாம் அதன் வரிசையில் கிடக்கும். இன்று திருத்தியதை அங்கே ஏற்றினால் வரிசை அழிந்துவிடும். வெப்பமானி ஒவ்வொன்றாகச் சேர்த்து நிரப்பட்டும்.

13:15
இன்னும் வரவில்லை. தாமதமாக ஆக, அக்கா குறைவாகப் பேசிவிட்டுக் கிளம்பியிருக்கிறார் என்று அர்த்தம். வரவே வேண்டாம் மாதாவே. நாளைக்கு வரட்டும். நாளன்றைக்கு வரட்டும்.

15:40
வந்துவிட்டது. பதினாறும் மொத்தமாக. ஐந்து வெப்பநிலை. மிச்சம் பதினொன்றும் அக்கா.

"இன்னாசி, பனி முனங்குது. எந்தப் பக்கம்?"

"ஏல, கேக்கா?"

"கோவமாலே? ஷேர் ஆட்டோன்னு சும்மாதாம்லே சொன்னேன்."

நடுவில் உள்ளவற்றை எழுத முடியவில்லை. கடைசி

"விரிசல் வாசலுக்கு வந்துட்டு. நீ பாத்துட்டுத்தான் இருப்பே, எனக்குத் தெரியும்லா. நீ சொல்லுத வரைக்கும் நிக்கேம்லே."