காளான் கொட்டகையும் என் வாயும்

4 செப்டம்பர் 1994

இன்றைக்கு என் வீட்டுக்காரி பங்காரம்மா என்னைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். கோயமுத்தூரில் காளான் வளர்க்கப் படித்து வந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கிருமிதான். டெட்டாலில் கை கழுவி, வாசலில் வைத்த ப்ளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்துத்தான் உள்ளே போனேன். பைக்குள் வைக்கோலை அடுக்கி, காளான் விதை தூவும்போது எங்கள் மாடு கிணற்றில் விழுந்த கதையை ஆரம்பித்தேன். மாடு இன்னும் விழக்கூட இல்லை.

"ஏனுங்க, உங்க வாயிலதான் கிருமி அதிகமுங்க. வெளிய போயி பேசுங்க."

வைக்கோலை வேகவைத்தது யார்? நான். ஆறவைத்தது? நான். அதற்காகவே களத்தைப் புதுச் சாணி போட்டு மெழுகினேன். இந்த வீட்டில் அதைவிடச் சுத்தமான இடம் ஏது?

கொட்டகை அவள் அண்ணன் சென்னகிருஷ்ணனுடையது. தீபாவளிக்குள் காளான் முளைக்காவிட்டால் எருமைகளைக் கொண்டுவந்து கட்டிவிடுவாராம்.

15 செப்டம்பர்

பைகளுக்குள் வெள்ளையாகப் படர வேண்டியது. எல்லாம் பச்சை. நாற்றம் வேறு.

16 செப்டம்பர்

பங்காரம்மா பஸ் ஏறிப் போய், சொல்லிக்கொடுத்த டீச்சரைக் கேட்டுவந்தாள். வந்ததும் ஒரே கேள்வி. "வைக்கோல எங்கீங்க ஆற வெச்சீங்க?"

சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வேகவைத்துக் கொன்ற பூசணத்தை, சாணிக் களத்தில் பாய் விரித்து நானே திரும்ப அழைத்திருக்கிறேனாம். அப்புறம் எதற்குப் பொங்கல் நோம்பிக்கெல்லாம் சாணி போட்டு மெழுகறோம்? கேட்டேவிட்டேன். சாமிக்குச் சுத்தம் வேறு, காளானுக்குச் சுத்தம் வேறு என்றாள்.

சாமியே பொறுத்துக்கொள்கிறது. இந்தக் காளானுக்கு என்ன அவ்வளவு ராங்கி?

2 அக்டோபர்

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை ஆறவைக்க என் வேட்டிகள். அத்தனையையும் கொதிக்கவைத்து, டெட்டாலில் அலசி விரித்துவிட்டாள். நான் நாள் முழுக்கத் துண்டோடு திரிந்தேன். பக்கத்து வீட்டு நாச்சியம்மாள், என்னங்க மாமா, குற்றாலத்துக்குக் கிளம்பிட்டீங்களா என்கிறாள். எனக்குக் குற்றாலம் போன கதை ஒன்று உண்டு. அவள் நிற்கவில்லை.

17 அக்டோபர்

பைகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. இன்றைக்குப் பார்த்து மச்சான் வந்தார். எருமைகள் கட்டியிருக்கும் மரத்தடியிலிருந்து நேராக, முழங்கால் வரை சாணியோடு. ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். பங்காரம்மா குளித்துவிட்டு வரச் சொன்னாள்.

"என்ற கொட்டாய்க்குள்ள போறதுக்கு நான் தண்ணி வாக்கோணுமா, அம்மணி?"

உள்ளே விட்டால் பைகள் போச்சு. விடாவிட்டால் கொட்டகை போச்சு. என்னைப் பார்த்தாள் - இத்தனை வருசத்தில் என்னைப் பேசச் சொல்லி அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மச்சானைக் கட்டிலில் உட்காரவைத்து, அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கப்போன கதையை எடுத்தேன். குதிரையிலிருந்து வியாபாரிக்குப் போனேன். வியாபாரியிலிருந்து அவன் மாமியாருக்கு. மாமியாருக்குப் பல் வலி. பவானியில் ஒரு பல் வைத்தியர். மச்சான் எழுந்த போதெல்லாம், இதைக் கேட்டுட்டுப் போங்க மச்சான் என்று கையைப் பிடித்தேன். அவர் வீட்டுப் பக்கமிருந்து எருமைகள் பால் கறக்கச் சொல்லிக் கத்த ஆரம்பித்தன. குதிரையை வாங்கினீங்களா இல்லீங்களா மாப்ள என்றார். வாங்கவே இல்லை என்றேன். கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்.

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். "உங்க வாய்க்கும் ஒரு வேல இருக்குதுங்க" என்றாள்.

26 அக்டோபர்

மொட்டு விட்டிருக்கிறது. கதவிடுக்கில் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான்.

30 அக்டோபர்

முதல் பறிப்பு. முதல் குழம்பு மச்சான் வீட்டுக்குப் போனது. தூக்குப்போசி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

5 நவம்பர்

தீபாவளி முடிந்துபோனது. மச்சான் தன் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி மூங்கில் கால் நடுகிறார். ஒரு கை பிடிங்க மாப்ள என்றார். பிடித்தேன். எருமைகள் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. எதற்கு இந்தப் புதுக் கொட்டகை என்று நான் கேட்கவில்லை.